மெல்லிய கழுத்து

இது நடந்தது. நடந்தது லோகேஸ்வரிக்கு. மலேசியாவில் திகாம் பத்துவில் இருக்கிறாள், கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. என்னிடம் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். பெயரை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? தப்பு செஞ்சது நான் இல்லையே" என்றாள். அதனால் எதையும் மாற்றவில்லை.

லோகேஸ்வரி பேஸ் கித்தார் வாசிப்பவள். கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் பழைய பாட்டுகளாகப் பாடும் ஒரு குழு. அதை நடத்துபவர் திவாகர். பத்து வருடத்துக்கு முன், அவளுக்கு இருபது வயதில், அவள் விரலைப் பிடித்து முதன்முதலாகக் கம்பியில் வைத்தவர் அவர்தான். அவளுடைய அப்பா இறந்தபோது பாடைக்கு முன்னால் நின்று தோள் கொடுத்தவரும் அவர்தான். கூடப் பிறந்த அண்ணன் இல்லையே என்ற குறை அவளுக்கு இருந்ததில்லை.

சிக்கல் அவளுடைய கையில் இருந்தது. சின்னக் கை, குட்டை விரல்கள். பன்னிரண்டு மணி நேரம் தொழிற்சாலையில் பொடிப் பொடிப் பாகங்களைப் பொருத்திவிட்டு வந்து தடித்த கழுத்துள்ள கித்தாரைப் பிடித்தால், மூன்றாவது பாட்டிலேயே மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கும். கழுத்து மெல்லியதாக ஒன்று வேண்டும். ஆனால் சத்தம் அந்தக் காலத்துச் சத்தமாக, உருண்டு வந்து அடிவயிற்றில் விழ வேண்டும். கடைகளில் இருந்த மெல்லிய கித்தார்கள் எல்லாம் தகரத்தைத் தட்டியது போலக் கத்தின. பினாங்கு வரை போய்ப் பார்த்தாள். எட்டு மாதம் தேடினாள். கிடைக்கவில்லை.

போன மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திவாகர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"புடிச்சுப் பாரு."

"எங்கண்ணே கெடச்சது?"

"பட்டர்வொர்த்ல ஒரு பழைய சாமான் கடையில. உனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு லா."

எடுத்தாள். அடர்ந்த பழுப்பு நிறம், ஓரங்களில் தேய்ந்திருந்தது. கழுத்து அவள் உள்ளங்கைக்குள் அப்படியே அடங்கியது. கட்டைவிரல் நுனியும் நடுவிரல் நுனியும் தொட்டுக்கொண்டன. தடித்த கம்பியை ஒரு முறை தட்டினாள். எட்டு மாதமாகக் காதுக்குள் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த அந்தச் சத்தம் வெளியே வந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

திவாகர் சிரிக்கவில்லை. "இனிமே உன்னோடது. திருப்பிக் கொண்டு வந்துராத" என்றார். அன்பில்தான் சொல்கிறார் என்று நினைத்தாள்.

அந்த வாரம் அவளுக்கு இரவு ஷிஃப்ட். காலை 7.40க்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். அம்மா கடை வேலைக்குப் போய்விடுவார். இவள் குளித்துவிட்டுப் படுப்பாள்.

செவ்வாய்க்கிழமை சட்டென்று விழிப்பு வந்தது. மணி 3.10. வெளியே நல்ல வெயில்.

தும்... தும்...

ஒலிபெருக்கியில் செருகாத கித்தாரின் சன்னமான சத்தம். கனவு என்று நினைத்தாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தாள். பூட்டு போட்டபடியே இருந்த பெட்டி. உள்ளே தடித்த கம்பி மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை கித்தாரின் தோள்வாரைப் பார்த்தாள். தன் உயரத்துக்குச் சுருக்கி வைத்தது, கடைசி வரை நீட்டப்பட்டிருந்தது. ஆறடி ஆள் மாட்டுவதற்கு ஏற்ற மாதிரி.

வியாழக்கிழமை கழுத்தின் பின்பக்கம் சூடாக இருந்தது. யாரோ நெடுநேரம் பிடித்திருந்துவிட்டு இப்போதுதான் கீழே வைத்தது போல.

திவாகருக்குப் போன் செய்தாள். "அண்ணே, அந்த கித்தார் தானா சத்தம் போடுது."

"பழைய மரம். வெயிலுக்கு அப்படித்தான்." பிறகு கேட்டார். "மத்தியானத்துல மட்டும்தானே?"

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எந்த நேரம் என்று அவள் சொல்லவே இல்லை.

சனிக்கிழமை காலை சுங்கைப்பட்டாணிக்குப் போனாள். அங்கே பழனியாண்டி என்று ஒருவர் இருக்கிறார், முப்பது வருடமாகக் கித்தார் பழுது பார்ப்பவர். கம்பி மாற்றுவதற்காகத் தன்னுடைய பழைய கித்தாரையும் கொண்டு போயிருந்தாள். திவாகர் கொடுத்ததைக் காட்டி, "இதோட நெக் மெல்லிசா இருக்கே, எந்தக் காலத்து மாடல் அங்கிள்?" என்று கேட்டாள்.

அவர் அளவுகோலை எடுத்து இரண்டையும் அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"மெல்லிசுன்னு யாரு சொன்னா? இதுதான் தடிசு. உன் பழசே இதவிட மெல்லிசு."

"இல்ல அங்கிள். பாருங்க, என் ரெண்டு வெரலும் தொடுது."

பிடித்துக் காட்டினாள். பழனியாண்டி குனிந்து பார்த்தார். நிமிரவில்லை.

"எங்கம்மா தொடுது? நடுவுல ரெண்டு வெரக்கடை எடம் இருக்கு."

லோகேஸ்வரி கையைத் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான். அவளுடைய நடுவிரல் பாதியிலேயே நின்றிருந்தது.

ஆனால் அவளுடைய கட்டைவிரல் நுனியில்... ஒரு விரல் பட்டுக்கொண்டுதான் இருந்தது.

கித்தாரை மேசைமேல் போட்டுவிட்டாள். பழனியாண்டி திருகாணிகளைக் கழற்றிக் கழுத்தைத் தனியாக எடுத்தார். உட்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: புவனேசன், செமிலிங்.

"என் கையெழுத்து. நான் ரிப்பேர் செஞ்சது. திவாகர் செமிலிங்ல இருந்தப்ப அவன் பேண்டுல வாசிச்ச பையன். செத்துப் பதினோரு வருஷம் ஆகுது." பேசிக்கொண்டே கழுத்தைத் திரும்பப் பூட்டினார். "இத யாரும்மா உன்கிட்ட குடுத்தா?"

பத்து வருடப் பழக்கம். அந்தப் பெயரைத் திவாகர் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து திவாகர் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் நேரிலேயே போய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். வீட்டில் மேசைமேல் இருந்த கித்தாரைப் பெட்டிக்குள் வைப்பதற்காகக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி 3.09.

கையை எடுக்க முடியவில்லை.

இழுத்தாள். விரல்கள் பிரியவில்லை. அவளுடைய விரல்களுக்கு மேல் வேறு விரல்கள். நீளமானவை. ஈரமானவை.

தும்...

வலது கை கம்பிக்குப் பக்கத்தில்கூட இல்லை.

தும்... தும்...

சேற்று வாடை. மழையில் ஊறிய செம்பனை ஓலை வாடை. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பிடி இறுகியது.

காதருகில் மூச்சு. திக்கித் திக்கி...

"எடு..."

கண்ணை மூடிக்கொண்டாள்.

"எடுண்ணே... எடு..."

பிறகு ஒன்றுமில்லை.

கண்ணைத் திறந்தபோது மணி 3.14. கித்தார் தரையில் கிடந்தது. அவளுடைய இடது புறங்கையில் நான்கு விரல் தடம். ஈரச் சேறு.

நாலு மணிக்குத் திவாகர் வீட்டு முன்னால் காரை நிறுத்தினாள். அவர் வெளியே வந்தார். கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"புவனேசன் யாரு?"

திவாகர் கீழே பார்த்தார்.

"தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

"பதினோரு வருஷம் லோகா. ஸ்டோர்ல பூட்டி வச்சேன். ரெண்டு தடவ ஆத்துல வீசிட்டு வந்தேன். மறுநாள் காலையில வாசல்ல நிக்குது. ஆசப்பட்டு கையில வாங்குறவங்ககிட்ட போனா அங்கயே தங்கிடும்னு ஒருத்தர் சொன்னாரு."

"அதுக்கு நானாண்ணே?"

"நீதானே எட்டு மாசமா தேடிக்கிட்டு இருந்த."

சாதாரணமாகச் சொன்னார். கச்சேரிக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்கிற அதே குரல். தன் கையைப் பிடித்த அந்த ஈரக் கையைவிட இந்தக் குரல்தான் அதிகம் உதறலெடுக்க வைத்தது என்று லோகேஸ்வரி சொன்னாள். வேறொன்றும் கேட்காமல் காரில் ஏறினாள். அவருடைய குழுவில் அவள் இப்போது இல்லை.

கித்தாரை அங்கே இறக்கவில்லை. நேரே செமிலிங் போனாள். நாலைந்து பேரிடம் விசாரித்ததில் புவனேசனின் அக்கா செல்லாயியின் வீடு தெரிந்தது. ஐம்பது வயதிருக்கும். பெட்டியைத் திறந்து காட்டியதும் அந்த அம்மாள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தொலஞ்சு போச்சுன்னு சொன்னானே திவாகரு..."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அன்று ராத்திரி ஒரு கல்யாணக் கச்சேரி. அங்கே திவாகரோடு ஏதோ வாய்த் தகராறு. வேறு குழுவுக்குப் போகப் போகிறேன் என்று புவனேசன் சொல்லியிருக்கிறான். கித்தார் திவாகரின் வேனில் வந்தது. இவன் தனியாக மோட்டார் சைக்கிளில். வழியில் செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் விழுந்துவிட்டான். மேலே இருந்து பார்த்தால் தெரியாத பள்ளம். மறுநாள் சாயங்காலம் மாடு தேடிப் போன ஆள்தான் பார்த்தான்.

"இடுப்பு ஒடஞ்சு போச்சு, நகர முடியல. மத்தியானம் வரைக்கும் உசுரு இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

செல்லாயி உள்ளே போய்ச் சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். போன் கம்பெனியில் கேட்டு வாங்கிய, தம்பியின் அழைப்புப் பட்டியல், மடித்து மடித்துக் கிழிந்துபோயிருந்தது.

"விடிஞ்சதுலேருந்து திவாகருக்குத்தான் அடிச்சிருக்கான். என் போன் அப்ப கெட்டுக் கெடந்துச்சு. பத்து தடவ அடிச்சான். அவன் எடுக்கல."

லோகேஸ்வரி காகிதத்தைப் பார்த்தாள். வரிசையாக ஒரே எண். அதற்குக் கீழே, தனியாக, இன்னும் ஒன்று இருந்தது. பதினொன்றாவது அழைப்பு, மத்தியானம் 3.10க்கு.

அதைத் திவாகர் எடுத்திருந்தார். நாற்பத்திரண்டு விநாடி.

"கேட்டேன் நானு" என்றார் செல்லாயி. "'லைன் சரியில்லக்கா, ஒண்ணும் கேக்கல'ன்னான்."