என்சிலாடாவில் விழுந்த மாசி

என் மகள் மீனையும் இறைச்சியையும் விட்டு மூன்று வருஷமாகிறது. நாலு நாளைக்குத்தான் இந்தக் கூத்து என்று அவள் முகத்துக்கு நேரேயே சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நாலு நாள் நாலு மாதமானதும் பயம் பிடித்துக்கொண்டது, பிள்ளை மெலிந்துகொண்டே போகிறாளே என்று. தேங்காய்ச் சம்பலில் மாசியைத் தூளாக இடித்துச் சேர்த்தேன். பருப்பிலும் சேர்த்தேன். மாசி என்பது உலர்த்திய மீன்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் அதை யாரும் மீன் கணக்கில் வைப்பதில்லை. உப்பு, புளி மாதிரி அதுவும் ஒன்று. உடம்புக்கு நல்லதுதானே, அவளுக்குத் தெரியவா போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போன வருஷம் அவள் கண்டி டவுனில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேலைக்குப் போக பஸ் கஷ்டமாம். எங்கள் வீடு இருக்கிற கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு அப்படி என்ன கஷ்டம்? ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், பால் சேர்க்காத வெறும் பிளேன்டி குடிப்பாள், சாப்பிடச் சொன்னால் பசியில்லை என்பாள், ஒரு மணித்தியாலத்தில் கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு சோற்றுப் பானையைப் பார்க்கவே எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் போனில் ஒரு படம் காட்டினாள். என்சிலாடா, மெக்சிகோக்காரர்களின் சாப்பாடு. சிநேகிதி வீட்டில் சாப்பிட்டாளாம். சாப்பாட்டைப் பற்றி அவள் ஆசையாகப் பேசிக் கேட்டு எவ்வளவு காலம்! அடுத்த ஞாயிறு இதைச் செய்தாவது அவளை நம் மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

சோள மாவில் ரொட்டி தட்டினால் ஓரமெல்லாம் வெடித்தது. பாதிக்குப் பாதி கோதுமை மா கலந்தேன், வழிக்கு வந்தது. அவித்த கௌபிப் பயறும் சீஸும் உள்ளே வைத்துச் சுருட்டி, ட்ரேயில் வரிசையாக அடுக்கினேன். காய்ந்த செத்தல் மிளகாய், தக்காளி, பூண்டு, சீரகம் அரைத்துக் கொதிக்கவைத்த குழம்பை மேலே ஊற்றி, சீஸ் தூவி ஓவனில் வைத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சட்டியில் ஒட்டியிருந்த குழம்பை என் வீட்டுக்காரர் விரலால் வழித்து வாயில் வைத்தார். மாசி நல்லா தூக்கலா இருக்கு என்றார்.

சத்தியமாக அன்று நினைத்துப் போடவில்லை. செத்தல் அரைத்தால் கூடவே ஒரு பிடி மாசி போடுகிற கை இது, பழக்கத்தில் போட்டுவிட்டது. பேசாம இரு, அரைபட்டுப் போனது யாருக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பம்தானே நாங்கள். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

அவள் வந்தாள். ட்ரேயைப் பார்த்ததும் பையைக் கூடக் கழற்றாமல் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நானே ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். பிய்த்து வாய்வரைக்கும் கொண்டுபோய்விட்டாள். அந்தச் சந்தோஷ முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சாப்பிடாத. மாசி போட்டுட்டேன்."

கை அப்படியே நின்றது. துண்டைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இன்றைக்குத் தெரியாமல் நடந்தது, ஆனால் முந்தியெல்லாம் தெரிந்தேதான் போட்டேன் என்று சம்பல், பருப்பு எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். இவர் எழும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

"தெரியும்மா" என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"மொதல் நாள்ல இருந்தே. மாசி வாசம் எனக்குத் தெரியாதா? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். சொல்லவே இல்ல. அதான் டவுனுக்குப் போனேன்."

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவித்த கௌபி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. தோளில் கிடந்த பையை இறக்கி வைத்துவிட்டு, புதுக் குழம்புக்கு மிளகாயின் காம்பு கிள்ள உட்கார்ந்தாள்.