சோடியத்தின் இடம்

வான் ஆய்வு மையத்தில் அவளை எல்லாரும் கோடக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதில் விழும் மெல்லிய கருங்கோடுகளைப் படிப்பது அவள் வேலை. இது இரும்பு, அது கால்சியம், சூடு இவ்வளவு, வேகம் இவ்வளவு என்று கடகடவென்று சொல்லிவிடுவாள். தொலைநோக்கி மலைமேல் இருந்தது. அவள் மேசை நகரத்தில், இரண்டாம் மாடியில், கழிவறைக்கு அடுத்த அறையில். மலை ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும். அதை ஒரு குறையாக அவள் நினைத்ததில்லை.

"வெளிச்சமே கீழ வந்துருது. நான் எதுக்கு மேல போகணும்?"

கணவன் வெல்டர். முதன்முதலில் பார்த்துப் பேசியபோது, நட்சத்திரம் எவ்வளவு சூடு என்று கிட்டப் போகாமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டான்.

"நீங்க இரும்பைக் காய்ச்சி வளைக்கிறப்ப, போதும்னு எப்படித் தெரியும்? தொட்டுப் பாப்பீங்களா?"

"நிறத்தைப் பாப்பேன்."

"அதேதான். சிவப்புன்னா சூடு கம்மி, நீலம்னா ஜாஸ்தி. மிச்சத்தைக் கல்யாணத்துக்கப்புறம் சொல்றேன்."

மிச்சத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வருடம் அவள் கண் ஒரே ஒரு கோள்மேல் இருந்தது. அது தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது, நட்சத்திர ஒளியில் ஒரு சிட்டிகை கோளின் காற்றுக்குள் புகுந்து வரும். அந்தக் காற்றில் சோடியம் இருந்தால், மஞ்சள் ஒளியில் அதன் இடத்தில் ஒரு பள்ளம் விழும். விழுந்தது. நல்ல ஆழமான பள்ளம். இயக்குநர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த பருவத்தின் தொலைநோக்கி நேரம் முழுக்க அவளுக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார். அதே நேரத்தைக் கேட்டிருந்த வால்நட்சத்திர ஆய்வுக்காரர்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

பத்திரிகைக்காரர்கள் வரவேண்டிய அன்று மத்தியானம், அவர்களுக்குக் காட்ட வேண்டிய படத்தைக் கோடக்கா வரைந்துகொண்டிருந்தாள். பள்ளத்துக்கு மேலே ஒரு அம்புக்குறி போட வேண்டும். இடத்தைக் கணக்குப் பார்த்து அம்பை வைத்தாள். அம்பு ஒரு பக்கம் நின்றது, பள்ளம் ஒரு பக்கம் இருந்தது.

அந்த நட்சத்திரம் நம்மை நோக்கி விரைந்து வருவது. அப்படி வருவதன் கோடுகளெல்லாம் நீலப் பக்கம் சற்றுத் தள்ளி விழும். கூடவே வரும் கோளின் கோடும் அங்கேதான் விழ வேண்டும். இந்தப் பள்ளமோ எங்கும் போகாத, எங்கிருந்தும் வராத சோடியத்தின் இடத்தில் இருந்தது. நகரத்துத் தெருவிளக்குகள் எரிவது சோடியத்தில். கோளை அளந்த இரவில் மலையில் மெல்லிய பனிமூட்டம். அந்த மஞ்சள் வெளிச்சம் பனியில் ஏறி நட்சத்திர ஒளியோடு கலந்திருக்கிறது. வழக்கம்போல நட்சத்திரத்துக்குப் பக்கத்து வானத்தை அளந்து, அதைக் கழித்திருக்கிறாள். பக்கத்தில் பனி அடர்த்தி, மஞ்சளும் அதிகம். கூடுதலாகக் கழித்தால் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? ஆழத்தைப் பார்த்த சந்தோஷத்தில் இடத்தைப் பார்க்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களை இதற்காகத்தான் அவள் வாட்டி எடுப்பாள்.

"சரிதான்டி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கணக்கைத் திரும்பப் போட்டாள். பள்ளம் போய்விட்டது. சரியான இடத்தில் ஏதோ லேசான சரிவு மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், அது கோள் இல்ல. நம்ம தெருவிளக்கு."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "கீழ வந்து உக்காந்துட்டாங்கம்மா. என்னன்னு சொல்றது? நம்ம ஊரு லைட்டை நாமளே கண்டுபிடிச்சிட்டோம்னா?"

"நான் சொல்றேன்."

"இப்ப விட்டா நேரம் வால்நட்சத்திரத்துக்குப் போயிரும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

இறங்கிப் போனாள். எங்கே தப்பு, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று படத்தை வைத்தே விளக்கினாள். குரல் எங்கும் இறங்கவில்லை. ஒருவர் கேட்டார்: "அப்ப அங்க சோடியம் இல்லையா?"

"இருக்கான்னு தெரியாது. இருந்தா எந்த இடத்துல விழும்னு தெரியும். அங்க பாக்கணும்."

எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேர் எழுதாமலே எழுந்து போனார்கள்.

மாடிப்படியில் இயக்குநர் மூச்சு வாங்க நின்றார். "மறுபடி எப்ப குறுக்க வருது?"

"அடுத்த மாசக் கடைசில."

"அந்த ஒரு ராத்திரியை எடுத்துக்க. மிச்சம் அவங்களுக்கு."

"அன்னைக்கு மேகம் போட்டா?"

"போட்டா போச்சு."

"அதுக்கடுத்த தடவையும் சேத்துக் குடுங்க சார். ரெண்டா குடுத்தா வாங்கிக்கறேன்."

இயக்குநர் இரண்டு படி ஏறினார். அவள் ஏறவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"சரி, ரெண்டு," என்றார்.

அதற்குப் பிறகுதான் அவள் மேலே ஏறினாள். வால்நட்சத்திரக்காரர்களின் அறையில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். உள்ளே தலையை நீட்டி, எந்த இரண்டு இரவுகள் அவர்களுடையதில்லை என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.