குளிருக்கு எதுக்குங்க ஃபேன்?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு என் லேப்டாப் செத்துப்போனது. என் வேலைக்கு நடுவில் செத்திருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு டீ போடப் போயிருப்பேன். கவிதாவின் இன்டர்வியூ நடுவில் அல்லவா செத்தது!

கவிதா என் பக்கத்து வீட்டுப் பெண். மலை மேல் இருக்கிற வளப்பூர் நாட்டுப் பகுதியில், எங்கள் ஊரில், நர்ஸிங் முடித்த முதல் ஆள். இரண்டு வருடமாக மரவள்ளிக் காட்டு வேலையும் பார்த்துக்கொண்டு, வேலைக்கு மனுவும் போட்டுக்கொண்டிருந்தாள். கோவையில் ஒரு பெரிய மருத்துவமனை ஆன்லைன் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அவள் போனில் கேமரா உடைந்து ஆறு மாதமாகிறது.

"அக்கா, உங்க லேப்டாப்ப ஒரு மணி நேரம் தர்றீங்களா?" என்றாள். தராமல்? பெருமையோடு தந்தேன். "முன்ன மாதிரி இல்ல கண்ணு... இப்பெல்லாம் சத்தமே வராது" என்று வேறு சொன்னேன்.

அந்தப் பெருமைக்குக் காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாக லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி இரைந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் முன்பு அதை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு கடைக்குப் போனேன். "சத்தம் தாங்கல தம்பி, எப்படியாவது நிறுத்துங்க" என்றேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக்கூடத் தொடவில்லை. ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் போட்டார், மவுஸை இப்படியும் அப்படியும் இழுத்தார். பத்தே நிமிஷம். "முடிச்சுட்டேனுங்க மேடம்." கப்சிப். திரும்பி வரும்போது கண்டக்டர் வரைக்கும் அவர் புகழ் பாடினேன். என் புத்தியை என்ன சொல்ல?

இன்டர்வியூவுக்கு வருகிறேன். திரையில் மூன்று பேர். கவிதா முதல் இரண்டு கேள்விக்குத் தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். நான் சமையலறை வாசலில் மூச்சுவிடாமல் நின்றேன். மூன்றாவதை ஒரு அம்மா கேட்டார்: "ஒரே நேரத்துல மூணு பேஷன்ட் வர்றாங்க. ஒருத்தர் கத்தறார், ஒருத்தர் முனகறார், ஒருத்தர் சத்தமில்லாம கிடக்கறார். யாரை முதல்ல பார்ப்பீங்க?"

கவிதா வாயைத் திறந்தாள். திரை கறுத்துவிட்டது.

பட்டனை அழுத்தினால் உயிர் வரவில்லை. கவிதா லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "அக்கா, கொதிக்குதுங்க" என்றாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. என் பட்டன் போனை வாங்கி மருத்துவமனையை அழைத்து விஷயத்தைச் சொன்னாள். அன்றோடு ஆள் தேர்வு முடிகிறதாம். மூன்று மணிக்கு இன்னொரு தடவை வரலாம், அதை விட்டால் இல்லை என்றார்கள்.

சூடு ஆறியதும் லேப்டாப் பிழைத்தது. இருவரும் அந்த சாஃப்ட்வேரைத் திறந்தோம். அதில் ஒரு கோடு இருக்கிறது. சூடு ஏற ஏற ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்று சொல்கிற கோடு. அது மாடிப்படி மாதிரி ஏற வேண்டும். நம் ஆள் அதை இழுத்துத் தரையோடு தரையாகப் படுக்க வைத்திருந்தார். தொண்ணூறு டிகிரி ஆனாலும் இருபது சதவீதத்துக்கு மேல் சுற்றாதே என்று கட்டளை!

கடைக்குப் போன் போட்டேன். பதில் என்ன தெரியுமா?

"நீங்கதானுங்க மேடம் சத்தம் வேண்டாம்னீங்க? அதுவும் நீங்க மலை மேல இருக்கறவிய. ஊட்டுலயே ஃபேன் போடமாட்டீங்க. அந்தக் குளிருக்கு லேப்டாப்புக்கு எதுக்குங்க ஃபேன்?"

எனக்கு வந்த கோபத்தில் இந்த மலையே சூடாகியிருக்கும். குளிர் எனக்கு ஐயா, அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்கு இல்லை. சத்தம் ஏன் வருகிறது என்று பார்ப்பதற்குப் பதில் சத்தத்தின் வாயைப் பொத்துவதா ரிப்பேர்?

இவரை மட்டும் சொல்வானேன். தெருவிளக்கு எரியவில்லை என்று மூன்று மாதம் முன்பு புகார் கொடுத்தேன். 'தங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. அந்த மெசேஜை இருட்டில் நின்றுதான் படித்தேன். இந்த நாட்டில் பாதி ரிப்பேர் இந்த ரகம்தான். நானும் உத்தமி இல்லை. சத்தத்தை நிறுத்தச் சொன்னேனே தவிர, அது ஏன் கத்துகிறது என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

கவிதாதான் பின்பக்கத்தைக் கழற்றினாள். ஃபேன் முழுக்க சாமை உமி. நான் லேப்டாப் வைக்கிற ஜன்னலுக்குக் கீழேதான் அவள் அம்மா தினமும் சாமை புடைக்கிறார். பாவம், அந்த ஃபேன் மூச்சு முட்டி இத்தனை நாள் கத்தியிருக்கிறது. பழைய பிரஷ்ஷால் உமியைத் தட்டியெடுத்தோம். படுத்திருந்த கோட்டைப் பிடித்து நிமிர்த்தினோம். அறுபது டிகிரிக்குப் பாதி வேகம், எண்பதுக்கு முழு வேகம்.

மூன்று மணி. அதே மூன்று பேர். வீடியோ தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஃபேன் இரைய ஆரம்பித்தது. "அங்க என்ன சத்தம்?" என்றார் அந்த அம்மா.

"லேப்டாப் ஃபேனுங்க மேடம். அது சத்தம் போடறதுதான் நல்லதுங்க" என்றாள் கவிதா நிதானமாக. "காலையில நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிடறேனுங்க. சத்தமில்லாம கிடக்கறவரத்தான் முதல்ல பாப்பேன். கத்தறவருக்கு மூச்சு இருக்குதுங்க. சத்தம் போடாதவருக்கு இருக்குதான்னு தொட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

அந்த அம்மா எதையோ எழுதிக்கொண்டார்.

நேற்று வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. திங்கட்கிழமை கவிதா கோவைக்குப் பஸ் ஏறுகிறாள்.

இதை நான் டைப் செய்யும்போதும் லேப்டாப் கத்திக்கொண்டுதான் இருக்கிறது... கத்தட்டும்.