பசை காய்ந்த விரல்கள்

அச்சகத்தில் மைதாப் பசை கிண்டும் வாசனை வந்தாலே, இப்போது பட்டாசுக் கடையாகிவிட்ட எங்கள் நூலகமும், பங்குனி வெயிலில் மின்விசிறி கிறீச்சிட நாங்கள் கதை வாசித்த சனிக்கிழமைகளும் திரும்பிவிடுகின்றன. கதைப் புத்தகத்தின் தாளைக் கிழித்துவிட்டு, அப்பாவின் அச்சகத்துப் பசையால் ரகசியமாக ஒட்டப்போய், நாலு பக்கங்களைச் சேர்த்து ஒட்டியவள் நான். ஒட்டியிருந்த பக்கங்களைக் கண்டதும் நூலகத்து அக்கா பார்த்ததோ, வீட்டில் பட்டாசுக்கான காகித வெடிக்குழாய் சுருட்டும் என் தோழி மாரியின் பசை காய்ந்த விரல்களை.

"கையக் களுவாம இங்கன வராத, மாரி."

"களுவிட்டுத்தான்க்கா வந்தேன்."

நான் என் கைகளைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை, தேய்த்துத் தேய்த்துச் சிவந்த கைகளை வாசலிலேயே விரித்துக் காட்டிவிட்டு, மாரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீயே பக்கத்தத் திருப்புடி. நான் பாத்துக்கிடுறேன்."