நிறுத்திய மாத்திரை

பிள்ளைகளே, உங்கள் அம்மா மூச்சிழுப்புக்காகப் பல வருடம் ஸ்டீராய்டு மாத்திரை குடித்தவள். அதனால் முகம் ஊதியது.

“என்னக்கா, கன்னத்துல பனிஸ் பன்னு வச்சிருக்கீங்களா?” என்று எங்கள் ஊர் மஹய்யாவையில் கேலி செய்வார்கள். அவள் சிரிப்பாள். புருஷனான எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“இனி வேணாம் புள்ள” என்று நானே நிறுத்தினேன்.

அந்த வாரமே அவள் காலில் இருந்த ஒரு புண்ணின் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர், “அவ குளிசை, மாத்திரை ஏதும் எடுக்கிறவவோ?” என்று கேட்டார்.

நிறுத்தியதற்கு ஏசுவாரோ என்று பயந்து, “இல்லீங்க ஐயா” என்றேன்.

எவ்வளவு சேலைன் ஏற்றியும் பிரஷர் ஏறவில்லை. மறுநாள்தான் உண்மையைச் சொன்னேன். உடனே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள்.

“சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி குளிசையால உறங்கிப்போச்சு. குளிசையைத் திடீரெண்டு நிப்பாட்டினதால உடம்பு தாங்கேல்ல. நேற்றே சொல்லியிருக்கலாம்” என்றார் டாக்டர்.

அன்று மாலை அவள் போய்விட்டாள்.

காய்ச்சலில் போனாள் என்று ஊருக்குச் சொன்னேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை.