எங்களுக்காகப் பேரம் பேசிய செயலி

முதலியார்பேட்டை வீட்டிலிருந்து இணையத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. வீட்டில் தண்ணீர் நின்றால்கூடச் சமாளித்துவிடுவேன். நெட் நிற்கக் கூடாது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, இணைப்பு தரும் நிறுவனம் பேரம் பேச ஆட்களுக்குப் பதில் ஒரு கணினி நிரலை வைத்திருந்தது. என் கணவருக்குப் பெரிய ஏமாற்றம். மீன்காரம்மாவிடம் அரைமணி நேரம் பேசி, கடைசியில் அந்தம்மா சொன்னதையே ஒப்புக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு வருகிறவர் அவர். நிரலிடம் "கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க" என்று எழுதினார். "உங்கள் கோரிக்கை புரியவில்லை" என்று வந்தது. மூன்று முறை.

விடுவாரா? வாடிக்கையாளருக்காகப் பேரம் பேசும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றினார். உங்களுக்கு எது முக்கியம் என்று அது கேட்டது. அந்த வாரம் விளம்பர அழைப்புகள் அவருடைய மதியத் தூக்கத்தைக் கெடுத்திருந்தன. "யாரும் போன் பண்ணக் கூடாது" என்று முதலிடத்தில் போட்டார். என்னைக் கேட்கவில்லை.

ஒரு காபி குடிப்பதற்குள் இரண்டு நிரல்களும் பேசி முடித்துவிட்டன.

"பாத்தியா, கேட்டது அப்படியே கெடச்சிடுச்சு" என்றார்.

மழைக்காலத்தில் ஒரு நாள் நெட் போனது. போன் டேட்டாவில் முதல் வகுப்பை ஒப்பேற்றிவிட்டுப் புகார் எண்ணை அழைத்தேன். எங்கள் திட்டத்தில் தொலைபேசிச் சேவை கிடையாது என்றது பதிவுக்குரல். இருவரும் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம்.

கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள். "போனே வேணாம்னு கேட்டிருக்கீங்க சார். அதுக்கு பதிலா ரிப்பேருக்கு நாலு நாள் எடுத்துக்கலாம்னு ஒத்துக்கிட்டிருக்கீங்க."

"நான் எங்கம்மா ஒத்துக்கிட்டேன்?"

"நீங்க இல்ல சார். உங்க ஆப்பு."

"சரி, நீங்களே மாத்திக் குடுத்துடுங்க."

"எனக்கு அந்த அதிகாரம் இல்ல சார். உங்க ஆப்புதான் எங்க சிஸ்டத்துகிட்ட பேசணும்."

போனை நான் வாங்கிக்கொண்டேன். பழுதானால் அன்றே சரிசெய்ய வேண்டும் என்று முதலிடத்தில் எழுதினேன். எங்கள் சார்பாகவும் அவள் சார்பாகவும் பேச்சுவார்த்தை நடக்க, நாங்கள் மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முடிவு வந்தது: அன்றே ஆள் வருவார், விளம்பர அழைப்புகளும் வரும், இரண்டு வருடத்துக்கு வேறு நிறுவனத்துக்கு மாறக் கூடாது. சம்மதம் என்று தட்டினேன்.

எழுந்தபோது அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "மேடம், அந்த ஆப்பு பேரு என்னா? எங்க வீட்டு லைனும் இந்த மாசம் முடியுது."

"நீங்க இங்கதானம்மா வேல செய்றீங்க?"

"அதனால என்னா மேடம்? நானும் எங்க சிஸ்டத்துகிட்டதான பேசணும்."

என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவளுடைய போனில் செயலியை ஏற்றிக் கொடுத்தார். மதியம் ஆள் வந்து, வாசலில் அறுந்திருந்த வயரைப் பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டுப் போனார்.