பலகைக் கனிசியஸ் சொல்லாமல் விட்டது

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து அகதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. இறங்கியவர்களில் கையில் ஒரு உடுப்புப் பையாவது வைத்திருந்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். குருநகர்க் கனிசியஸ் மட்டும் ஆளுயரச் சாமான் ஒன்றைப் படுக்கை விரிப்பால் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். பிரேதமாக்கும் என்று நினைத்து ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்துவிட்டு வழிவிட்டாராம்.

பிரேதமில்லை, பலகை. பெந்தோட்டை ஆற்றங்கரையில் ஒரு உல்லாச ஹோட்டலில் கனிசியஸ் ஏழு வருடம் வேலை பார்த்தான். வேகப்படகு இழுக்க, கயிற்றைப் பிடித்தபடி வெள்ளைக்காரர் தண்ணீருக்கு மேலே பலகையில் வழுக்கிக்கொண்டு போவார்கள். வோட்டர் ஸ்கீ என்று அதற்குப் பெயர். படகு ஓட்டுவதும் அவர்கள் காலுக்குப் பலகையைப் பொருத்திவிடுவதும் இவன் வேலை. பழகுகிறவருக்கு இரண்டு பலகை. கெட்டிக்காரருக்கு ஒன்றே ஒன்று: முன்னங்கால் றப்பர்ச் சப்பாத்துக்குள், பின்னங்கால் அதற்குப் பின்னாலுள்ள றப்பர் வாருக்குள். அப்படி நின்றுகொண்டு, வரிசையாக மிதக்கும் மிதப்புகளை வலமும் இடமுமாக வெட்டிச் சுற்றி ஓட வேண்டும். ஓரம் உடைந்ததென்று ஹோட்டல்காரர் கழித்துவிட்ட ஒற்றைப் பலகை ஒன்றைத்தான் கனிசியஸ் தூக்கி வந்தான். பெட்டி போய்விட்டது, நல்ல சட்டைகள் போய்விட்டன, பலகை மட்டும் தப்பிவிட்டது. ஊர் சும்மா விடுமா? அந்தக் கிழமையே பலகைக் கனிசியஸ் என்று பெயர் வைத்துவிட்டது.

அப்போது அவனுக்கு முப்பத்தொரு வயது. தாய் தகப்பன் இல்லை, கல்யாணமும் இல்லை. அவனுக்கென்று இருந்தவள் தங்கை இராசாத்தி ஒருத்திதான். அவள் வாய் ஓயாதவள். காலையில் அடுப்பு மூட்டும்போது தொடங்கினால், ஊர்ப் புதினம் முழுவதையும் அண்ணனுக்குச் சொல்லி முடிக்காமல் விளக்கை அணைக்க மாட்டாள். அவளுடைய புருஷன் சிமியோன் அதற்கு நேர்மாறு. நல்ல மனுஷன், ஆனால் சொல்லை எண்ணித்தான் செலவழிப்பான். பன்னிரண்டு வயதிலிருந்து வலை இழுத்த தோள்கள் அவனுடையவை. அந்தத் தோள்களில்தான் குடும்பம் நின்றது.

மாரி மழை ஓய்ந்து தைப்பொங்கலும் கழிந்ததும், குருநகருக்கு முன்னாலுள்ள பரவைக் கடல் நிறைந்து கண்ணாடிபோலக் கிடந்தது. கனிசியசுக்குக் கை துறுதுறுத்தது. "நீ வெள்ளைக்காரன்ரை கோப்பை கழுவினனி எண்டுதான் ஊரிலை கதை" என்று சிமியோனின் படகில் வேலை செய்யும் நீக்கிலாப்பிள்ளை வேறு சீண்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பலகையை அவிழ்க்காமல் இருந்தால் அவன் கனிசியஸ் இல்லை.

ஆற்றில் ஓடிய பலகை பரவைக் கடலில் அப்படியே ஓடாது. இங்கே ஆழம் குறைவு. அடியில் சாதாளைப் புல். பலகையின் வாலடியில் மீனுக்கு இருப்பதுபோல நிற்கும் தகட்டுச் செட்டை அதில் சிக்கினால் ஆள் குப்புற விழுவான். ஆகவே செட்டையை அரத்தால் அராவி ஒரு விரல்கடை குறைத்தான். செட்டையைக் குறைத்தால் வளைவில் வால் வழுக்கும். அதற்குச் சப்பாத்தின் திருகாணிகளைக் கழற்றி, ஒரு ஓட்டை பின்னுக்குத் தள்ளிப் பூட்டினான். இழுக்க எடுத்த வலைக்கயிறு தண்ணீரில் தாழும் என்று இடையிடையே மிதப்புக் கட்டினான். பூவரசம் தடியில் சைக்கிள் ரியூப்பைச் சுற்றிப் பிடி செய்தான். முற்றத்தில் இருந்துகொண்டு அவன் இப்படித் திருப்புளியும் கையுமாக மினக்கெட்டதைப் பார்த்து இராசாத்தி சொன்னாள்: "அண்ணை, வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடிக்குள்ளை விடுறாய். எனக்கு உது நல்லதாப் படேல்லை."

முதல் ஞாயிறு பூசை முடிந்து கரையில் ஊரே நிற்க, சிமியோனின் பிளாஸ்ரிக் போட் இழுக்கக் கனிசியஸ் ஒற்றைப் பலகையில் எழும்பி ஓடினான். ஒரு கையை விட்டுச் சரிந்து, தண்ணீரை வாழையிலைபோல விசிறியடித்து, வலைமிதப்பு ஆறையும் சுற்றி வந்தான். நீக்கிலாப்பிள்ளை கோப்பை கழுவின கதையை அத்துடன் விட்டுவிட்டார். அன்று பின்னேரம் சிமியோன் வந்து பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒருக்கால் பழக்கிவிடு மச்சான்" என்றான். கேட்டு வாங்கத் தெரியாத மனுஷன் வாய்விட்டுக் கேட்டது கனிசியசுக்குப் பெருமையாக இருந்தது.

சிமியோனின் கால் பிறந்ததிலிருந்து செருப்பறியாத அகலக்கால். சப்பாத்தின் குதிப்பக்கத்தை எட்டும்வரை நகர்த்தி, சவர்க்காரத் தண்ணீர் பூசி, அவன் காலை உள்ளே விட்டுக் கனிசியஸ் பத்துத்தரம் சோதித்தான். ஹோட்டலில் அவன் கண்ட காயங்கள் எல்லாம் காலில்தான். சப்பாத்து இறுகி, விழும்போது கால் கழலாமல், கணுக்கால் திரும்பி அலறிய வெள்ளைக்காரரை அவன் படகுக்குள் தூக்கிப் போட்டிருக்கிறான். "இறுக்கிப் பூட்டடாப்பா" என்று சிமியோன் சொல்லியும் கேட்கவில்லை. கால், கால் என்று அந்த ஒன்றிலேயே நின்றான்.

கையை மறந்துவிட்டான்.

விழுந்தால் உடனே கயிற்றை விடு. அதுதான் அந்த விளையாட்டின் முதற்பாடம். ஏழு வருடத்தில் வந்தவன் போனவன் எல்லாருக்கும் இங்கிலிஷிலும் அரைகுறை ஜேர்மனிலும் அவன் ஓதிய பாடம். தமிழில் மட்டும், தன் சொந்த மச்சானுக்கு, அவன் அதைச் சொல்லவேயில்லை. இருபது வருடம் வலை இழுத்தவனுக்குக் கயிறு பிடிக்கச் சொல்லிக் கொடுப்பதா என்று நினைத்துவிட்டான். அதுகூடப் பரவாயில்லை. முதல் இரண்டு மூன்று நாளும் எழும்ப முன்னமே சிமியோன் விழ, கயிறு தானாகவே கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. படகிலிருந்து கனிசியஸ் சிரித்தான். "என்ன மச்சான், கயிறு பிடிக்கத் தெரியாதோ? இறுக்கிப் பிடி!" என்றான். வலையை நடுவில் கைவிடுகிறவனை எந்தப் படகும் சேர்க்காத ஊரில், அந்தப் பகிடி சிமியோனுக்கு எங்கே போய்த் தைத்திருக்கும் என்று அவன் யோசிக்கவில்லை.

மாசிமாத முதல் ஞாயிறு, சிமியோன் கைப்பிடித் தடிக்கும் கயிற்றுக்கும் இடையிலிருந்த முக்கோணத்துக்குள் வலக்கையை விட்டு, மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். வலை இழுப்பவர்கள் பாரம் கூடினால் செய்கிற வேலைதான். எழும்பினான். நூறு பாகம் ஓடினான். பிறகு விழுந்தான். சப்பாத்து அழகாகக் கழன்றது. காலுக்கு ஒரு கீறலும் இல்லை. கை மட்டும் கயிற்றோடு போனது, கையோடு ஆளும் போனான். முன்னால் மீன் பிடிக்க நட்ட களங்கட்டித் தடிகள் நின்றதால் படகோட்டிய கனிசியசின் கண் முன்னால் இருந்தது. பின்னால் பார்க்க வைத்த நீக்கிலாப்பிள்ளையோ கைதட்டிக்கொண்டிருந்தார். "உதும் அந்த விளையாட்டிலை ஒண்டாக்கும் எண்டு நினைச்சிட்டன்" என்று பிறகு அழுதார்.

முறிவு நெரிவென்றால் சிமியோனுக்கு ஆஸ்பத்திரியில் நம்பிக்கையில்லை. வாடகைக் கார் பிடித்து இணுவிலில் நாட்டுவைத்தியம் பார்க்கும் பரியாரியார் கதிரவேலுவிடம் கொண்டு போனார்கள். பனையால் விழுந்தவர், மாடு இடித்தவர் என்று ஏழெட்டுப் பேர் அங்கே காத்திருந்தார்கள். கதிரவேலு சிமியோனின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மூட்டு இடம்விட்டுப் போட்டுது. எந்தப் பக்கத்தாலை இழுபட்டது, தம்பி?" என்று கேட்டார். பலகை, படகு என்று கனிசியஸ் சொன்ன எதுவும் அவருக்கு விளங்கவில்லை. கடைசியில் நோயாளிகள் இருக்கும் வாங்குப் பலகையில் ஏறி நின்று, கொடிக்கயிற்றைப் பிடித்து ஆடிக் காட்ட வேண்டியதாயிற்று. மாடு இடித்தவர் நோவை மறந்து சிரித்தார். பரியாரியார் சிரிக்கவில்லை. வைத்தியத்துக்கு வேண்டியதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு சிமியோனைப் படுக்கவைத்து, கக்கத்துக்குள் தன் குதிக்காலை ஊன்றி, கையை மெல்ல மெல்ல இழுத்தார். 'களுக்' என்று மூட்டு உள்ளே போனது. சிமியோனின் கண்ணால் நீர் வழிந்தது.

கட்டுப் போட்டு முடித்ததும் கதிரவேலு கேட்டார்: "விழேக்கை கயிறை விட்டிருந்தால் உந்தப் பாடு இல்லையே. ஒருத்தரும் சொல்லித் தரேல்லையோ?"

கனிசியஸ் வாயைத் திறந்தான்.

"இவன் சொன்னவன் ஐயா" என்றான் சிமியோன். "நான்தான் விடேல்லை."

கனிசியஸ் திறந்த வாயை மூடிக்கொண்டான். அவன் செய்த தப்பு அந்த இடத்தில்தான் இரண்டாகியது.

"இன்னொருக்கால் இடம்விட்டால் பிறகு தும்மினாலும் கழரும், சொல்லிப்போட்டன். ரெண்டரை மாதத்துக்கு வலையைத் தொடக்கூடாது" என்று அனுப்பினார் பரியாரியார்.

அன்றிலிருந்து இராசாத்தி அண்ணனுடன் கதைப்பதை நிறுத்திவிட்டாள். ஏசினாலாவது தாங்கலாம். வாய் ஓயாதவள் வாயை மூடினால் வீட்டில் இருக்க முடியுமா? அவன் குசினிப் பக்கம் வந்தால் கோழியைப் பார்த்துச் சொல்வாள்: "சோறு மூடிக் கிடக்கு. தின்னிற ஆக்கள் தின்னலாம்." கோழிக்குக் கிடைத்த மரியாதைகூட அவனுக்குக் கிடைக்கவில்லை.

இனி மீன் மணமே வேண்டாம் என்று முன்னொரு காலம் ஊரைவிட்டுப் பெந்தோட்டைக்குப் போன கனிசியஸ், சிமியோனுக்குப் பதிலாக அவன் படகில் ஏறினான். ஏழு வருடம் வழுவழுத்த கை முதற் கிழமையே கிழிந்தது. நீக்கிலாப்பிள்ளையின் ஏச்சைக் கேட்டுக்கேட்டு மறந்த வேலையை மறுபடி படித்தான். விடியப் போய் வந்து, மீனைத் தங்கையின் வாசலில் வைத்துவிட்டு, சிமியோனின் தோளுக்கு எண்ணெய் தேய்ப்பான். கட்டு அவிழ்த்த பிறகு சைக்கிள் ரியூப்பை நெடுக்கே கிழித்து யன்னல் கம்பியில் கட்டி, அதை இழுத்துப் பழக வைத்தான். தோள் பிடித்துக்கொண்ட வெள்ளைக்காரர் அப்படிச் செய்வதை ஹோட்டலில் கண்டிருக்கிறான். முதலில் மெல்லிய கீலம், பிறகு அகலக் கீலம், பிறகு இரட்டை. காலுக்குச் சப்பாத்துப் பொருத்திய அதே நிதானத்தோடு நாளுக்கு நாள் அளந்து கூட்டினான். கை முதலில் வாய்வரை எழும்பியது, பிறகு நெற்றிவரை. தவக்காலம் முடிய, யன்னலின் மேற்கம்பியைத் தொட்டது.

ஊருக்கு இதெல்லாம் தெரியும். "மச்சானெண்டால் கனிசியஸ் மாதிரி இருக்க வேணும். சொல் கேளாமல் விழுந்தவனுக்காகத் தன்ரை உடம்பை முறிக்கிறான்" என்று கரையில் கதைத்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? பெரிய வெள்ளிக்கு முதல் நாள் கோயிலில் வரிசையில் நின்று, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னான். அவர் செபமாலை ஒன்று சொல்லச் சொன்னார். இவன் மூன்று சொன்னான். பாரம் இறங்கவில்லை. இறக்க வேண்டிய இடம் அதுவல்ல என்று அவனுக்கே தெரியும். ஆனால் உண்மையைச் சொன்னால் இராசாத்தி இனி ஒருநாளும் கதைக்க மாட்டாளோ என்ற பயம். இப்போதாவது கோழி மூலமாகச் சோறு வருகிறது.

உயிர்த்த ஞாயிறு கழிந்த வியாழக்கிழமை சிமியோன் கடலுக்குப் போனான். கனிசியஸ் கரையில் நின்றான். வெயில் ஏற முன்னம் படகு திரும்பியது. "முழு வலையையும் தனிய இழுத்தவன்!" என்று நீக்கிலாப்பிள்ளை தண்ணீரிலிருந்தே கூவினார். சிமியோன் இறங்கி வந்து வலக்கையை மச்சானின் தோளில் போட்டான். அந்தக் கையின் பாரத்தைக் கனிசியசால் தாங்க முடியவில்லை. தட்டிவிட்டு நேரே தங்கையிடம் நடந்தான்.

அவள் பின்வளவில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இராசாத்தி, கயிறை விடு எண்டு நான் அவனுக்குச் சொல்லேல்லை."

கத்தி நின்றது.

"இறுக்கிப் பிடி எண்டுதான் சொன்னனான். பகிடியும் பண்ணினனான். பரியாரியார் கேக்கேக்கை அவன் எனக்காகப் பொய் சொன்னவன். நான் வாயை மூடிக்கொண்டு நிண்டனான். பிழை முழுக்க என்ரை."

அவள் கையைக் கழுவினாள். சீலைத் தலைப்பில் துடைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

கனிசியசுக்கு விளங்கவில்லை.

"இணுவிலாலை வந்த அண்டைக்கே அவர் எனக்குச் சொல்லிப்போட்டார். 'கொண்ணை நல்லாய் நொந்துபோனான், நீ ஒண்டும் கேளாதை' எண்டும் சொன்னவர்."

"தெரிஞ்சுகொண்டோ என்னோடை கதையாமல் இருந்தனி? கை உப்பிடிப் போனதுக்காண்டி?"

"கைக்காகவோ?" என்றாள் இராசாத்தி. "கை ஆருக்கும்தான் விலகும். நீ வந்து என்னட்டைச் சொல்லுவாய், இண்டைக்குச் சொல்லுவாய், நாளைக்குச் சொல்லுவாய் எண்டு பாத்தன். சாமியாரிட்டைச் சொல்லக் கோயிலிலை நிண்டாய், கண்டனான். அண்டைக்கெண்டாலும் வருவாய் எண்டு இருந்தன். எண்பத்தொரு நாள், அண்ணை. உன்னோடை கதையாமல் இருக்க எனக்கு லேசாய் இருந்தது எண்டோ நினைச்சனி?"